இரண்டு மில்லி அகலம்

நூற்று எண்பத்தாறு மணி நேரம், இருபது நிமிடம். மூத்தவள் நீல அட்டை நோட்டில் கூட்டிப் போட்டு, அடியில் இரண்டு கோடு இழுத்தாள். ஊசி துணியில் இறங்கிய நேரம், கடைசி நூலை அறுத்த நேரம் எல்லாம் அதில் இருந்தன. பால் பொங்குகிறதென்று எழுந்து ஓடிய ஏழு நிமிடத்தைக்கூடக் கழித்திருந்தாள்.

நோட்டின் முதல் பக்கத்தில் பயிற்சி நிலையம் அச்சடித்துக் கொடுத்த படிவம் ஒட்டியிருந்தது. அதில் 'வடிவம்' என்று ஒரு வரி. பக்கத்தில் இரண்டு கட்டங்கள்: 'சொந்தம்', 'பார்த்துச் செய்தது'. அவள் முதல் கட்டத்தில் டிக் போட்டிருந்தாள். படிவம் முழுவதையும் பேனாவால் நிரப்பியவள், அந்த ஒரு டிக்கை மட்டும் பென்சிலால் போட்டிருந்தாள்.

அதே வடிவத்தைப் போட இளையவளின் எம்பிராய்டரி மிஷினுக்கு ஆனது ஐம்பத்தொரு நிமிடம். மிஷின் ஓடும்போது இளையவள் பக்கத்தில் நின்று பிஸ்கட் சாப்பிட்டாள். மூத்தவள் அதையும் பார்த்து வைத்திருந்தாள்.

இருவரும் ஓரகத்திகள். மூத்தவள் அந்த வீட்டுக்கு வந்து பதினோரு வருடம். வந்த நாளிலிருந்து கையில் ஊசி உண்டு. கடைக்காரர்கள் அனுப்பும் கைப்பட்டிகள், கழுத்துப் பட்டிகள், யாரோ வரைந்த பூக்கள். அவள் தைத்ததை யார் போட்டுக்கொண்டு போனார்கள் என்று அவளுக்குத் தெரியாது. இளையவள் வந்து இரண்டு வருடம். வந்த நாளிலிருந்து கையில் போன்.

துணி வடிவமைப்புப் படிப்பில் சேரலாம் என்று கேட்டது மூத்தவள்தான். பத்து மாதப் படிப்பு. காலையில் கைத்தையல், மதியத்துக்கு மேல் கம்ப்யூட்டரில் எம்பிராய்டரி. மூன்று வருடம் கேட்டுக் கேட்டு, ஒருவழியாக வீட்டில் சரி என்றபோது இளையவள், "நானும் வர்றேன்க்கா, உங்களுக்குத் துணைக்கு" என்றாள். துணைக்கு வந்தவள் நான்காம் மாதத்தில் முன்னால் போய்விட்டாள். கம்ப்யூட்டர் சார் அப்போது வேறு வேலை கிடைத்துப் போயிருந்தார். மிச்சப் பாடத்தை இளையவள் வீடியோ பார்த்துத் தானே கற்றாள். கற்றதோடு நிற்கவில்லை, மற்றவர்களுக்கும் சொல்லிக் கொடுத்தாள். மூத்தவளுக்கும்தான்.

"மவுஸை அவ்ளோ இறுக்கிப் பிடிக்காதீங்கக்கா. அது எங்கயும் ஓடிப் போகாது."

வகுப்பே சிரித்தது. மூத்தவளும் சிரித்தாள். அந்தச் சிரிப்பு நான்கு நாள் தொண்டையிலேயே நின்றது.

வீட்டிலும் அதே கதைதான். மாமியாருக்கு வாய் சும்மா இருக்காது. "சின்னவ பட்டனைத் தட்டினா பூ பூக்குது. நம்ம பெரியவ பூவுக்குத் தண்ணி ஊத்தி, உரம் போட்டு, அதுக்குள்ள எனக்கு முடி நரைச்சிடும்" என்பார். கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. சொல்லிவிட்டு அவரே மூத்தவளின் முதுகில் தட்டிச் சிரிப்பார். தட்டிய இடம் எரியும்.

கடைசிப் பாடம், சட்டைக்கு மேல் போடும் ஒரு கோட்டின் முதுகுத் துண்டு. துணி எல்லோருக்கும் ஒன்றே, லேசாக நீளும் சாம்பல் நிறப் பின்னல் துணி. கையாலோ மிஷினாலோ, எப்படி வேண்டுமானாலும் செய்யலாம். நன்றாகச் செய்த ஒருவரை, புது உடுப்புகளுக்கு முதல் மாதிரி தைக்கும் ஆடை நிறுவனத்தின் மாதிரிப் பிரிவுக்கு வேலைக்கு அனுப்புவார்கள். ஒருவரை மட்டும். மூத்தவள் அந்த வேலையைக் கனவில் பார்த்திருக்கிறாள். பெரிதாக ஒன்றுமில்லை: ஒரு மேசை, ஒரு நாற்காலி, காலை ஒன்பது மணிக்குப் போய் உட்கார ஓர் இடம். உட்கார்ந்தால் யாரும் "கொஞ்சம் அடுப்பைப் பாரு" என்று சொல்லாத இடம்.

ஒரு விடுமுறை நாள் மதியம் அவள் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தபோது இளையவள் போனோடு வந்து நின்றாள்.

"அக்கா, கையை எடுக்காதீங்க. அப்படியே இருங்க."

"என்ன, பாம்பா?"

"நுரைக்கா. எவ்ளோ அழகா ஒண்ணு மேல ஒண்ணு ஏறி நிக்குது பாருங்க."

"அவ்ளோ அழகா இருந்தா நீயே வந்து தேய்."

இளையவள் சிரித்துக்கொண்டே படம் எடுத்தாள். மூன்று வாரம் கழித்து வகுப்பின் மூலையில் இருந்த கம்ப்யூட்டரில் திரையைத் தன் உடம்பால் மறைத்துக்கொண்டு மூத்தவளைக் கூப்பிட்டாள். "உங்களுக்கு மட்டும்தான் காட்டுறேன். யார்கிட்டயும் சொல்லாதீங்க."

திரையில் அறுபத்து மூன்று வட்டங்கள். கோட்டின் இடுப்பருகில் பெரிதாகத் தொடங்கி, நெருக்கியடித்து மேலே ஏறி, இடது தோளில் கடுகாகச் சிதறின. மூத்தவள் நல்லா இருக்கு என்றாள். நல்லா இருந்தது. அதுதான் பிரச்சினை. சுமாராக இருந்திருந்தால் அன்று சாப்பாடு இறங்கியிருக்கும்.

நுரையைப் பொங்க வைத்தது யார் கை? சட்டி தேய்த்தது யார்? ஒருத்தி முழங்கை வரை சோப்புத் தண்ணீரில் நிற்க, இன்னொருத்தி நகம் நனையாமல் ஒரு பட்டனைத் தட்டினாள். பேர் அவளுக்கு. மூத்தவள் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு இதையே நினைத்தாள். பக்கத்தில் இளையவள் ஒரு சோதனைத் துண்டை விரித்து வைத்து என்னவோ விளக்கிக்கொண்டிருந்தாள்.

"பாருங்கக்கா, வட்டம் போட்டா முட்டை வருது. அதனால நான் என்ன பண்ணினேன்னா..."

மூத்தவள் உம் கொட்டினாள். என்ன பண்ணினாள் என்று கேட்கவில்லை. அந்தக் குரலைக் கேட்காமலிருக்கச் சாலையில் போகும் வண்டிகளை எண்ணினாள்.

அந்த வாரமே காகிதம் கைக்கு வந்தது. மிஷினில் ஏற்றுவதற்கு முன் வடிவத்தை நிஜ அளவில் அச்செடுத்துத் துணிமேல் வைத்துப் பார்ப்பார்கள். இளையவள் எடுத்த முதல் அச்சில் வட்டங்கள் முழுதாக விழுந்தன, துண்டின் வெளிக்கோடு மட்டும் வெட்டுப்பட்டுவிட்டது. வேறு அச்செடுத்துக்கொண்டு, கெட்டதை வீட்டுக்குக் கொண்டுவந்து ஃப்ரிட்ஜ் மேலிருந்த பழைய காகிதக் கூடையில் போட்டாள்.

"பெரியவளே, கரண்டி டிராயருக்கு ஒரு தாள் விரி" என்றார் மாமியார்.

கரண்டி டிராயருக்குப் பழைய காலண்டர் தாள் கிடைத்தது. அந்த அச்சு மூத்தவளின் அறைக்குப் போயிற்று. கதவைச் சாத்திக்கொண்டு, மிஷினுக்கு நடுவைக் காட்டும் சிலுவைக் குறியையும் மூலையில் இருந்த கோப்பு எண்ணையும் கத்தரித்து எறிந்தாள். பிறகு ஒவ்வொரு வட்டத்தின் விளிம்பிலும் ஊசியால் குத்திக்கொண்டே போனாள். காகிதத்தைத் துணிமேல் வைத்துச் சாக்பீஸ் பொடியைத் தேய்த்தாள். தூக்கிப் பார்த்தபோது சாம்பல் துணியில் அறுபத்து மூன்று வட்டங்கள் வெள்ளைப் புள்ளிகளாய் நின்றன.

அதற்குப் பிறகு நடந்த எதிலும் பொய் கிடையாது. நூலை ஒற்றை இழையாகப் பிரித்து, மூன்று சாம்பலும் ஒரு வெள்ளையும் எங்கே முடிந்து எங்கே தொடங்குகின்றன என்று தெரியாதபடி ஒவ்வொரு வட்டத்தையும் நிரப்பினாள். துணி எங்கும் சுருங்கவில்லை. பதினோரு வருடம் பழகிய கை. நூலை இழுக்காது, துணியின் மேல் படுக்க வைக்கும். நுரையில் வெளிச்சம் படுவது போலவே இருந்தது. வீட்டில் எல்லோரிடமும், முடிந்த பிறகு காட்டுகிறேன் என்றாள். ஏழு வாரம் அந்த அறைக் கதவு சாத்தியே இருந்தது.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கட்டும். யாருடைய துண்டின் முன்னால் ஆட்கள் நிற்கிறார்கள் என்று பார்க்கட்டும். அவள் யோசித்தது அவ்வளவுதான். வயிறு எரிகிறவர்களுக்கு அதற்கு அப்பால் பார்வை போவதில்லை.

திங்கட்கிழமை காலை எல்லோருடைய துண்டுகளையும் நீள மேசையில் பரப்பினார்கள். மூத்தவள் தன்னுடையதை உறையிலிருந்து எடுத்து விரித்தாள். பேச்சுச் சத்தம் நின்றது. அவளுக்கு அது முதலில் இனிப்பாக இருந்தது.

அப்போது வகுப்பில் 'பாபின்' என்று பேர் வாங்கியவள், மிஷினின் நூல் உருளை மாதிரியே குட்டையாக, உருண்டையாக, நிற்காமல் சுற்றுகிறவள், இரண்டு துண்டுகளையும் மாறி மாறிப் பார்த்தாள். "ஐயய்யோ, ஒரே வீட்டுல ரெட்டைப் பிள்ளை பொறந்திருக்கு!"

கைத்தையல் ஆசிரியை வந்தார். எல்லோரும் அவரைக் கண்ணாடி மேடம் என்பார்கள். ஒரு கண்ணாடி கண்ணில், இன்னொன்று தலையில், மூன்றாவது எங்கே என்று எப்போதும் தேடிக்கொண்டிருப்பார். குனிந்து மூத்தவளின் துண்டையும், பக்கத்தில் இருந்த நோட்டில் கூட்டிப் போட்டிருந்த மணிக்கணக்கையும் பார்த்தார். நிமிர்ந்து இளையவளைப் பார்த்தார்.

"அக்காவோட வேலையை ஸ்கேன் பண்ணி மிஷின்ல போட்டியா?"

இளையவள் அப்போதுதான் அந்தத் துண்டை முதன்முறையாகப் பார்க்கிறாள். அவள் முகம் சுண்டிப் போயிற்று. "இல்ல மேடம். இது என்னோடது."

"கையில வந்ததைத்தான் மிஷின்ல போடுவாங்க. மிஷின்ல வந்ததைப் பார்த்து யாராவது நூத்தி எண்பத்தாறு மணி நேரம் உட்கார்ந்து கையால தைப்பாங்களா? பைத்தியமா பிடிச்சிருக்கு?"

எல்லோரும் சிரித்தார்கள். அப்படி ஒருத்தி இருக்க முடியும் என்று அந்த அறையில் யாருக்கும் தோன்றவில்லை. மூத்தவளுக்கே ஒரு நிமிடம் தோன்றவில்லை.

இளையவள் கம்ப்யூட்டரில் தன் கோப்பைத் திறந்து காட்டினாள். அதில் கடைசியாகச் சேமித்த தேதிதான் இருந்தது, போன புதன். மூத்தவளின் நோட்டில் முதல் தேதி ஏழு வாரத்துக்கு முந்தையது. இளையவள் போனை எடுத்து நுரைப் படத்தைக் காட்டினாள். மேடம் படத்தை விரலால் பெரிதாக்கினார்.

"இது யார் கை?"

கட்டைவிரலில் பழைய சூட்டுத் தழும்பு. மறைக்க முடியாத தழும்பு.

"அக்கா கை" என்றாள் இளையவள்.

"அப்ப யோசனையும் அக்காவோடதுதானே?"

மேடம் மூத்தவளின் பக்கம் திரும்பினார். மூத்தவள் வாயைத் திறந்தாள். "நுரை... என் கையிலதான் இருந்துச்சு" என்றாள். அது உண்மை.

பார்த்துச் செய்ததைச் சொந்தம் என்று எழுதினால் சான்றிதழ் கிடையாது. அது நிலையத்தின் விதி. வியாழக்கிழமை இருவரும் அறைக்கு வரவேண்டும், அன்றே மாதிரிப் பிரிவுக்குப் பேர் எழுதி அனுப்பவேண்டும் என்றார் மேடம். இளையவளின் துண்டை மேசையிலிருந்து எடுத்து, மடித்து, அலமாரியில் வைத்துப் பூட்டினார்.

செய்தி வீட்டுக்கு வந்ததும் மாமியார் இருவரையும் முன்னால் உட்கார வைத்தார். "ரெண்டு பேரும் ஒரே கனவைக் கண்டீங்களா? எனக்கும் சொல்லியிருந்தா நானும் கண்டிருப்பேனே." யாரும் சிரிக்கவில்லை. அவர் முகமும் மாறியது. "சின்னவளே, நீ அவளதைப் பார்த்தியா?"

"இல்ல, அத்தை."

"பெரியவளே, நீ?"

"கதவைச் சாத்திட்டுத்தானே தைச்சேன், அத்தை."

கேட்டதற்கு அது பதிலே இல்லை. ஆனால் மாமியார் தலையை ஆட்டிவிட்டு எழுந்து போனார்.

பாத்திரம் தேய்க்கும்போது இளையவள் வந்து பக்கத்தில் நின்று, கழுவியதைத் துடைத்து அடுக்கினாள். பிறகு, துடைக்கும் தட்டைப் பார்த்தபடியே கேட்டாள்.

"அக்கா, உங்க வட்டமெல்லாம் ஏன் பக்கவாட்டுல அகலமா இருக்கு?"

"கை வேலைன்னா அப்படித்தான் இருக்கும். கம்ப்யூட்டரா, அச்சு மாதிரி வர்றதுக்கு?"

"என்னோடது திரையில அப்படித்தான் அகலமா இருக்கும். மிஷின் நெருக்கித் தைக்கும்போது துணியைப் பிடிச்சு இழுக்கும்ல, வட்டம் சுருங்கி முட்டையாயிடும். அதனால எல்லாத்தையும் ரெண்டு மில்லி அகலமா வரைஞ்சேன். தைச்சதும் சரியான வட்டமாயிடும். அன்னைக்கு பஸ்ல சொன்னேனே."

மூத்தவளின் கை தண்ணீருக்குள் நின்றது.

"உங்க கை துணியை இழுக்கவே இழுக்காதேக்கா" என்றாள் இளையவள். துணியை உதறிக் காயப் போட்டுவிட்டுப் போய்விட்டாள்.

மூத்தவள் கதவைச் சாத்திக்கொண்டு ஸ்கேலை எடுத்தாள். முதல் வட்டம் உயரம் நாற்பது மில்லிமீட்டர், அகலம் நாற்பத்திரண்டு. அடுத்தது முப்பத்தொன்று, முப்பத்து மூன்று. தோளில் இருந்த கடுகு ஒன்று எட்டு, பத்து. அறுபத்து மூன்றையும் அளந்தாள். கை தவறியிருந்தால் ஒன்று இப்படிப் போயிருக்கும், ஒன்று அப்படிப் போயிருக்கும். ஒன்றுகூடத் தவறவில்லை. பதினோரு வருடத்தின் சுத்தமான கை, இளையவளின் இரண்டு மில்லியை ஒரு நூல் பிசகாமல் அறுபத்து மூன்று முறை எழுதி வைத்திருந்தது.

சொல்லட்டும், அவளே மேடத்திடம் சொல்லட்டும் என்று நினைத்தாள். செவ்வாய் முழுவதும் காத்திருந்தாள். இளையவள் சொல்லவில்லை. புதன்கிழமை பஸ்ஸில் வழக்கம்போல ஜன்னல் இருக்கையை மூத்தவளுக்கு விட்டுவிட்டு உட்கார்ந்தாள். அதுவும் எரிச்சலாக இருந்தது. கத்தினால் பதிலுக்குக் கத்தலாம். ஜன்னலை விட்டுக்கொடுக்கிறவளை என்ன செய்வது? நல்லவளாக இருப்பதிலும் இவள்தான் முதலா?

இறங்கும்போது இளையவளின் கைப்பையில் போன் அடித்தது. மாதிரிப் பிரிவில் என்ன மிஷின்கள் இருக்கின்றன என்று அவள் யாரிடமோ விசாரித்திருந்தாள் போல. "இல்ல, இப்ப வேணாம். எனக்கு இல்லைன்னு ஆயிடுச்சு" என்று மெதுவாகச் சொல்லிப் போனை வைத்தாள். மூத்தவள் கேட்காதவள் போல நடந்தாள். ஒன்பது மணிக்குப் போய் உட்கார ஓர் இடம். அதே இடத்தைத்தான் இவளும் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

வியாழன். மேடத்தின் அறையில் ஒரு மேசை, மூன்று நாற்காலி, சுவர் முழுக்க நூல்கண்டுகள். மேசையில் இரண்டு துண்டுகளும் விரிந்திருந்தன. பக்கத்தில் நீல நோட்டு. அதன்மேல் தட்டச்சு செய்த கடிதம். பேர் எழுத மட்டும் இடம் விட்டிருந்தது.

"உனக்குச் சொல்றதுக்கு ஏதாவது இருக்கா?" என்று மேடம் இளையவளைக் கேட்டார்.

"நான் சொல்லிட்டேன் மேடம். இனிமே அக்காதான் சொல்லணும்."

மேடம் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார். தலையில் இருந்த கண்ணாடியைக் கண்ணுக்கு இறக்கி, மூத்தவளின் துண்டைத் தன் பக்கம் இழுத்தார். கோபம் போய், குரலில் ஒரு மென்மை வந்தது.

"நான் ராத்திரி பகலா இதையேதான் நினைச்சிட்டிருந்தேன். ரெண்டும் ஒரே வடிவம். ஆனா உங்களுது முன்னால நின்னா நகர முடியல. ஏன்னு இன்னைக்குத்தான் பிடிபட்டுச்சு." விரலை ஒரு வட்டத்தின் மேல் வைத்தார். "இங்க பாருங்க. இது வட்டமே இல்ல. துளி அகலம். நுரை தன் கனத்துல லேசா அமுங்கி உட்கார்ற மாதிரி. எல்லாத்துலயும் அதே அமுக்கம். மிஷின்ல போட்டதுல எல்லாம் வெறும் வட்டம், உயிரில்ல. உங்களுதுல இந்தத் துளி அகலம்தான் உயிர். இதை யாரும் சொல்லித்தர முடியாது. இதுதாம்மா உங்க கை."

பதினோரு வருடத்தில் யாரும் அவளிடம் 'உங்க கை' என்று சொன்னதில்லை. இந்த ஒரு சொல்லுக்காகத்தான் அவள் ஏழு வாரம் கதவைச் சாத்திக்கொண்டாள். இப்போது அது வந்துவிட்டது. வந்து, அவளைத் தாண்டிப் பக்கத்து நாற்காலிக்குப் போய் உட்கார்ந்துகொண்டது. ஒற்றை இழை, மூன்று சாம்பல், ஒரு வெள்ளை, எதையும் மேடம் சொல்லவில்லை. இத்தனைக்கும் நடுவில் அவர் விரல் வைத்தது அந்த இரண்டு மில்லியில்.

அவளுக்கு வயிறு எரிந்தது. முன்பெல்லாம் எரிந்ததைவிட அதிகமாக எரிந்தது. பக்கத்தில் இளையவள் மடியில் கைகளைக் கோத்து, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். புகழ்வது தன்னைத்தான் என்று தெரிந்தும், முகத்தில் ஒரு கோடு அசையவில்லை.

மேடம் பேனா மூடியைத் திறந்து கடிதத்தை இழுத்தார். நோட்டு நகர்ந்து முதல் பக்கம் திறந்துகொண்டது. படிவத்தில் பென்சில் டிக் மங்கலாகத் தெரிந்தது.

"மேடம்" என்றாள் மூத்தவள்.

"சொல்லுங்க."

"அந்த அகலம் என் கை இல்ல."

மேடம் நிமிர்ந்தார். இளையவள் நிமிரவில்லை.

"அது அவ போட்ட கணக்கு. மிஷின் இழுக்கும்னு ரெண்டு மில்லி சேர்த்து வரைஞ்சிருக்கா. எனக்கு அது தெரியாது. அவ அச்செடுத்த பேப்பரை ஊசியால குத்தி, பொடி தேய்ச்சு, அதுமேலதான் நான் தைச்சேன். அவ என்னைப் பார்த்துப் பண்ணல மேடம். நான்தான் அவளைப் பார்த்துப் பண்ணினேன்."